ஈர அரிசியை அறியாத வளையம்

மிளகாய் மில்லுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நான் காதைத் திறந்துகொண்டு போனவன்.

நெடுங்கேணிச் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் என் அக்கா மில் வைத்திருந்தா. ஒற்றை மோட்டர், ஒரு பெல்ட், மாவும் தூளும் அரைக்கிற ஒரு தலை. அவ்வளவுதான் மில். ஆனால் அதற்கு முன்னால் நிற்கிற சனத்தின் வாய் இருக்கிறதே, அது தனி மில். மெசின் இரைச்சலில் மெல்லக் கதைக்க ஏலாது. அதனால் வீட்டுக்குள்ளே குசுகுசுக்க வேண்டியதை எல்லாரும் அங்கே கத்திக் கதைப்பார்கள். மருமகளைப் பற்றி ஒருத்தி சொன்னா: "உலை வைக்க முதலே அகப்பையைத் தேடுறாள்." அதற்குப் பக்கத்தில் நின்றவ: "உலை வைச்ச பிறகும் தேடாமல் இருக்கிறவளை நான் வைச்சிருக்கிறன், மாத்துவமோ?" இந்த மாதிரிக் கதைகளுக்காகவே வயலில் வேலை இல்லாத நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன்.

"மா அரைக்க வந்தியோ, கதை அரைக்க வந்தியோ?" என்று அக்கா கேட்பா.

"ரெண்டும் ஒரே மெசின்தானே அக்கா."

வாசலோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கால் ஒன்று வெடித்து, கம்பி கட்டி வைத்தது. அதில்தான் அக்கா இருப்பா. அத்தான் இல்லாமற்போன பிறகு எத்தனை வீட்டு வேலை, எத்தனை பேருடைய வயலில் நாற்று நடுகை, எத்தனை பேர் "எழும்பு, இரு, அதை எடு" என்று சொன்னது. அதெல்லாம் தாண்டி அந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தவா. ஒருநாள் என்னிடம் சொன்னா: "தம்பி, இதில இருந்து என்னை எழும்பு எண்டு சொல்ல ஒருத்தருக்கும் ஏலாது. அதுதான் இந்த மில்லில எனக்குப் பிடிச்சது. மாவில்லை."

அந்த மில்லின் மோட்டர் ஒருமுறை எரிந்தது. கம்பியைத் திரும்பச் சுற்றித் தந்தவர் செட்டிகுளம் பக்கத்து ஆள், மலையகத்திலிருந்து வந்து குடியேறினவர். கருகின கம்பியை உருவிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மோட்டரு தானா சாவுறதில்லைங்க தம்பி. சுத்த விடாம நிப்பாட்டி வச்சு தின்னக் குடுத்தா, வயிறு வெடிச்சு சாவும்." விசயம் அதுதான். தலைக்குள்ளே ஏதாவது அடைத்தால் மோட்டர் திணறும். திணறத் திணறக் கரண்டை அள்ளிக் குடிக்கும். குடித்த கரண்ட் சூடாகும். பிறகு அந்த மணம்தான். அந்த மில் பழசாக வாங்கினது. பாரம் கூடினால் கரண்டை வெட்டுகிற பாகம் அதில் எப்போதோ செத்துப்போய், யாரோ நேரே வயரைக் கொடுத்து விட்டிருந்தார்கள்.

"இன்னொருக்கா எரிஞ்சால் என்னால எழுப்ப ஏலாது தம்பி," என்றா அக்கா. சத்தமில்லாமல்தான் சொன்னா. நான் வீட்டுக்கு வந்து, இருந்த பழைய சாமான் பெட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டினேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழில் வயல். பொழுதுபோக்கு, செத்த சாமானைத் திறந்து ஏன் செத்தது என்று பார்க்கிறது. ஃபேன், ரேடியோ, ஸ்டெபிலைசர், ஊரில் எது செத்தாலும் என்னிடம் வரும். ஒருவரும் படிப்பிக்கவில்லை. முதலில் சுட்ட விரல் படிப்பித்தது, பிறகு போனில் வருகிற வீடியோக்கள். பாதி பாஷை விளங்காது, ஆனால் கையைப் பார்த்தால் போதும். அப்படிப் பார்த்துத்தான் கரண்ட் ட்ரான்ஸ்போமர் என்ற வளையத்தைப் பற்றி அறிந்தேன். கரண்ட் ஓடுகிற வயரை ஒரு இரும்பு வளையத்துக்குள்ளால் விட்டு, அந்த வளையத்தின் மேல் மெல்லிய கம்பியை நிறையச் சுற்றினால், பெரிய வயரில் ஓடுவதற்கு ஏற்ற அளவாய் மெல்லிய கம்பியில் கொஞ்சம் ஓடும். பெரிய வயரை வெட்டத் தேவையில்லை, தொடத் தேவையில்லை. நாடி பிடிச்சுப் பார்க்கிற வேலை. நோயாளிக்கே தெரியாது.

ஒரு செத்த ஸ்டெபிலைசருக்குள் இருந்து வட்ட இரும்பை எடுத்தேன். பழைய கம்பியைக் கழற்றி, மெல்லிய கம்பியை ஓட்டைக்குள்ளால் விட்டு இழுத்து, விட்டு இழுத்துச் சுற்ற வேண்டும். எண்ண வேண்டும். எண்ணவும் கதைக்கவும் ஒரே வாயால் ஏலாது என்பதை அப்போதுதான் கண்டேன். சந்தையில் கேட்ட ஒரு பகிடியை மனைவிக்குச் சொல்லப் போய் எண்ணிக்கை போய்விட்டது. திரும்பக் கழற்றினேன். பிறகு இன்னொரு கதை. கடைசியில் அவள் ஒரு சுளகில் புளியங்கொட்டையைக் கொட்டி வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். பத்துச் சுற்றுக்கு ஒரு கொட்டையை ஒதுக்குவது அவள் வேலை. வாயைப் பொத்துவது என் வேலை.

"இஞ்சருங்கோ, அக்காவின்ர மோட்டருக்குச் செய்யிறதில உங்கட வாய்க்கும் ஒண்டு செய்து போடுங்கோ," என்றாள். "லோட் கூடினா நிக்கட்டும்."

வளையம் முடிந்தது. வீட்டு அயன்பெட்டியின் வயரை அதற்குள்ளால் விட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவில்லை. சுற்றினது பிழையோ, கம்பி அறுந்துபோச்சோ என்று அதைக் கழற்றி இதைக் கழற்றி, பல நாள் போச்சு. பிழை வளையத்தில் இல்லை. அயன்பெட்டி வயருக்குள்ளே இரண்டு வயர். ஒன்றில் போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்று செய்கிறதை மற்றது அழித்துவிடும். வளையத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் தெரியும். வயரின் மேல் தோலைக் கீறி, ஒன்றை மட்டும் உள்ளே விட்டேன். முள் எழும்பியது.

மனைவிக்கு விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப புருசன் பெண்சாதி மாதிரி இல்லை. எங்களை ஒண்டா விட்டால்தானே சத்தம் வருது."

இன்னொரு பாடமும் படித்தேன். மெல்லிய கம்பியின் இரண்டு நுனியையும் சும்மா விடக்கூடாது. நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் பாலமாய்ப் போட வேண்டும். போடாமல் மில்லின் மெயின் வயரில் வைத்துப் பார்த்தேன். கரண்ட் அடித்துக் கை உதறிப்போச்சு. ஓடுவதற்கு வழி விடாவிட்டால் அது கடிக்கும்.

பிறகு மிச்சம். வளையம் தருகிற சின்னக் கரண்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஐசி. அளவு தாண்டினால் ஒரு ரிலே. அது ஒரு சின்னக் கை மாதிரி, பெரிய சுவிட்சைத் தட்டி விழுத்தும். எவ்வளவுக்கு மேலே போனால் விழுத்த வேண்டும் என்று வைக்க ஒரு சின்னத் திருகு. முதல் நாள் மில்லில் பூட்டினால், மோட்டர் எழும்பவே இல்லை. போட்டவுடன் நிற்கிறது, போட்டவுடன் நிற்கிறது. மோட்டர் நித்திரையால் எழும்பும்போது பெரிய பசியோடு எழும்பும். அந்த முதல் வாய்க்கே என் பெட்டி பயந்துபோச்சு. ஒரு கப்பாசிட்டரைப் போட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். சரி வந்தது.

திருகை வைக்கிற நாளில் அக்கா காய்ந்த செத்தல் மிளகாய் ஒரு ஓலைக் கடகம் நிறையக் கொண்டுவந்து வைத்தா. மல்லியும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டு, பிறகு அள்ளிப் போட்டு, மோட்டர் திணறுகிற இடத்தைக் காதால் கேட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னுக்குத் திருகை நிறுத்தினேன். பிறகொரு நாள் யாரோ கொண்டுவந்த மல்லிக்குள் ஒரு இரும்புத்துண்டு இருந்து தலையை இறுக்கிப் பிடித்தது. பெட்டி டக்கென்று வெட்டியது. அக்கா துண்டை எடுத்து எறிந்தா, திரும்பச் சுவிட்சைப் போட்டா, மோட்டர் ஓடியது. அன்று பெட்டிக்குக் குங்குமம் வைத்தா. மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் "தம்பியின்ர பெட்டி" என்று காட்டினா. எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. யாரும் கேட்காமலே நின்று விளக்கம் சொன்னேன். ஒரு மனுசி சொன்னா: "இவனைக் கேட்டால் அம்மிக்கும் மீட்டர் பூட்டுவான்."

பங்குனி, சித்திரை போச்சு. பெட்டி இருக்கிறதே மறந்துபோகிற அளவுக்கு அமைதியாய் இருந்தது. எனக்கு அது நல்ல அடையாளமாய்த்தான் பட்டது.

ஆடிப்பிறப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆடி முதல் நாள் கூழும் கொழுக்கட்டையும் இல்லாத வீடு இல்லை. அதற்கு மா வேண்டும். மாவுக்கு அரிசியை ஊறப் போட்டு, வடித்து, ஈரத்தோடு மில்லுக்குக் கொண்டு போவார்கள். எல்லாரும் ஒரே நாளில். ஆடிப்பிறப்புக்கு முதல் நாள்தான் அந்த மில் வருசத்திலேயே கூட ஓடுகிற நாள். இது எனக்குத் தெரியாத விசயமா? சின்ன வயதிலிருந்து அந்தக் கொழுக்கட்டையைத் தின்று வளர்ந்தவன் நான். ஆனால் திருகை வைக்கிறபோது எங்கள் இரண்டு பேரின் ஞாபகத்திலும் மிளகாய்தான் இருந்தது. முதல் முறை மோட்டர் எரிந்தது மிளகாயில். ஆகவே மிளகாயைத்தான் கொண்டுவந்து வைத்தோம். ஈர அரிசி வேறு சாமான். வடியாத அரிசி தலைக்குள்ளே களியாய் ஒட்டும். காய்ந்த மிளகாயை நொறுக்குகிற மோட்டர் ஈர அரிசியைப் பிசைய வேண்டும். அதோடு ஆடி வெயிலில் சிறுபோக வயல்களுக்கு எல்லாரும் தண்ணி இறைக்கிறார்கள்; ஊர் முழுக்க மோட்டர் ஓடி வோல்ட் இறங்கிப்போய்க் கிடக்கும். வோல்ட் இறங்கினால் அதே வேலைக்கு மோட்டர் இன்னும் கூடக் குடிக்கும்.

அந்த வருசம் ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் நான் நெடுங்கேணியில் இல்லை. மனைவியின் மாமா ஒருவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அக்கராயனுக்குப் போயிருந்தோம். பந்தியில் இருக்கும்போது போன் வந்தது. அக்கா.

"தம்பி, உன்ர பெட்டி நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுது."

"என்ன அரைக்கிறியள்?"

"அரிசிதான். வேறென்ன இண்டைக்கு."

"வடிய விடச் சொல்லுங்கோ. கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ. பெட்டியைத் தொடாதேங்கோ."

"ஓம். சனம் நிக்குது தம்பி. சந்தை வரைக்கும் லைன்."

பின்னால் ஆட்கள் கத்துகிறது கேட்டது. ஒரு பொம்பிளைக் குரல்: "உவன் பெட்டி வைச்சானோ, பேயை வைச்சானோ?" இன்னொரு ஆம்பிளை: "அக்கா, பொழுதுபட முதல் எங்களை அனுப்புவியளோ, இல்லாட்டில் பாய் கொண்டு வாறதோ?" சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தக் கதைகளைத் திரும்பி வந்து கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இலையில் வைத்திருந்த வடையை எடுத்தேன்.

பிறகு நடந்தது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். வடிய விடச் சொல்லி அவா கேட்டிருக்கிறா. "வீட்டை வடிச்சுத்தான் கொண்டு வந்தனாங்கள்" என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டுப் பார்த்திருக்கிறா. அப்போதும் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தலையைத் திறந்து களியை வழித்து எடுக்க வேணும். வழிக்கிற நேரத்தில் பின்னால் நிற்கிறவர்களின் பேச்சு முதுகில் விழும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். லைனில் கரண்ட் வேலை கொஞ்சம் தெரிந்த ஒரு ஆள் நின்றிருக்கிறான். நல்ல மனசோடுதான் முன்னுக்கு வந்தான். "உங்கட மோட்டர் நல்லாத்தான் இருக்கு அக்கா. பெட்டிதான் பழுது," என்றான். பெட்டி வெட்டினாலும் கரண்ட் போக, ரிலேயின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு துண்டு வயரைப் பாலமாய்க் கொடுத்தான்.

மில் ஓடியது. நிற்காமல் ஓடியது. லைன் குறைந்தது. அக்காவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்களாம். கதிரையில் இருந்து குடித்தாவாம்.

வெயில் சாய்கிற நேரம் மணம் வந்தது. முதலில் ஒருத்தரும் மோட்டர் என்று நினைக்கவில்லை. யாரோ பக்கத்தில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றார்கள். பிறகு புகை. ஊறின அரிசியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு சனம் வீட்டுக்குப் போனது. அந்த வருசம் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் கடையில் வாங்கின பக்கற் மாவில்தான் கொழுக்கட்டை.

அடுத்த நாள் வந்து பார்த்தேன். பெட்டியைத் திறந்தேன். வளையத்துக்கு ஒரு கீறலும் இல்லை. ஐசி நல்லாய் இருந்தது, ரிலே நல்லாய் இருந்தது. மோட்டர் எரிகிற கடைசி நேரம் வரைக்கும் அந்த வளையம் "கூடிப்போச்சு, கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். ரிலேயும் தட்டித்தான் இருக்கும். பாலம் போட்டபிறகு அது தட்டியென்ன, தட்டாமல் என்ன.

மோட்டர் சுற்றுகிறவர் வந்து பார்த்தார். இந்த முறை கம்பி மட்டும் இல்லை, உள் இரும்பும் சுட்டுப் பாழாய்ப்போச்சு என்றார். "சுத்தலாம், சுத்தித் தாறேன். ஆனா ரொம்ப நாளைக்கு நிக்காதுங்க."

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். "உன்னில பிழை இல்லை தம்பி," என்றா. "அது நிண்ட ஒவ்வொருக்காவும் சனம் என்னட்டத்தான் ஏன் எண்டு கேட்டது. எனக்குத் தெரியேல்லை. மோட்டருக்கு ஏலாமல் நிக்குதோ, பெட்டி பழுதாகி நிக்குதோ? ரெண்டும் ஒரே மாதிரித்தானே நிக்குது. நான் அவைக்கு என்னத்தைச் சொல்ல?"

என் வாய் ஓயாத வாய். ஊரில் யார் என்ன சொன்னாலும் அதைப் பிடித்து வைத்திருக்கிறவன். ஆனால் நான் செய்த பெட்டிக்குக் கை மட்டும் வைத்தேன், வாய் வைக்கவில்லை. வளையம் எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கூடுது, இன்னும் கூடுது, இனி ஏலாது என்று ஒவ்வொரு படியாய் அதற்குத் தெரிந்தது. அதில் கடைசிப் படியை மட்டும்தான் வெளியே விட்டேன். அதுவும் சொல்லாக இல்லை, ஒரு அடியாக.

திருகை மிளகாய்க்கு வைத்ததால் அரிசிக்கு அது தேவைக்கு முந்தியே வெட்டியதோ, அல்லது அன்றைய வோல்ட்டுக்கு அது வெட்டின இடம்தான் சரியோ, அதுவும் தெரியாது. சரியான இடத்தில் வைத்திருந்தால் அவ்வளவு தரம் நின்றிராது, அந்த ஆள் முன்னுக்கு வந்திருக்கவும் மாட்டான் என்று ஒருநாள் நினைப்பேன். எப்படியும் எரிந்திருக்கும் என்று இன்னொரு நாள் நினைப்பேன். கேட்டுப் பார்க்க மோட்டர் இல்லை.

மில்லின் தலையை ஒரு இளம் பிள்ளை வாங்கினாள். பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்டப் புதுக் கடை, புது மோட்டர். அக்கா அங்கே வேலைக்குப் போகிறா. தெரிந்த தலை, தெரிந்த சனம். வேறு யாரை அந்தப் பிள்ளை கூப்பிடுவாள்? தான் வைத்திருந்த மில்லின் தலைக்குள்ளேயே அரிசி போட, இன்னொருத்தியின் கடைக்குப் போகிறா.

அந்த மழைக்காலத்தில் இன்னொரு பெட்டி செய்தேன். வளையம் முந்தின மாதிரியேதான். மனைவி திரும்பவும் சுளகோடு இருந்தாள், கதை இல்லாமல். இந்த முறை வெட்டுகிறதுக்கு முன்னால் லைட் வைத்தேன். பச்சை எரிந்தால் சுகம். மஞ்சள் எரிந்தால் பாரம் கூடுகிறது, கையைப் பொறு. சிவப்பு வந்து கொஞ்சம் பொறுத்துத்தான் வெட்டும். செய்தது செய்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். கொண்டுபோய் எங்கே பூட்ட? யாருக்கு?

அக்காதான் ஒருநாள் கேட்டா. "மஞ்சள் லைட் வைச்சுச் செய்தியாம் எண்டு உன்ர பெண்சாதி சொன்னாள். இஞ்சை கொண்டுவந்து போடன். பாவம் இந்தப் பிள்ளை, கடன்பட்டுத் துவங்கினவள்."

கொண்டு போனேன். திருகு வைக்கிற அன்று அக்கா ஒரு கடகம் அரிசி ஊறப் போட்டுக் கொண்டுவந்திருந்தா. நான் சொல்லவில்லை. நல்லாய் வடிந்தது ஒரு பக்கம், வடியாதது ஒரு பக்கம் என்று பிரித்தே வைத்திருந்தா. மிளகாயைக் கடைசியில்தான் எடுத்தா.

திருகு வைத்து முடியவும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் எரிந்தது. அக்கா கையைத் தூக்கினா. "பொறு பிள்ளை, மஞ்சள் வந்திட்டுது. உன்ர அரிசி இன்னும் அழுதுகொண்டிருக்கு, கொஞ்சம் சுளகில பரவி விடு." அரிசியோடு நின்ற மனுசி பெட்டியைப் பார்த்தா, அரிசியைப் பார்த்தா, சுளகை எடுத்துப் பரவினா. பின்னால் நின்ற ஒருத்தி: "லைட் சொன்னால் கேக்கிறாள், மாமி சொன்னால் கேக்கமாட்டாள்." எல்லாரும் சிரித்தார்கள். பச்சை வந்தது. அக்கா திரும்பப் போட்டா.

இவ்வளவும்தான் அந்த ஆடிப்பிறப்புக்குத் தேவைப்பட்டது. ஒரு சின்ன மஞ்சள் லைட்டும், அதைக் காட்டிச் சொல்ல ஒரு வார்த்தையும். இரண்டுக்கும் என் பழைய சாமான் பெட்டியில் அந்த நாளிலேயே சாமான் கிடந்தது.

கொஞ்ச நேரம் லைன் குறைந்தது. அக்கா ஓரத்தில் கிடந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் குந்தி, சீலைத் தலைப்பால் முகத்து மாவைத் துடைத்தா. என்னைப் பார்த்து, "கதை ஏதும் பிடிச்சியோ?" என்றா. நான் சொல்ல வாய் திறந்தேன்.

"அக்கா, எழும்பி அந்தக் கடகத்தை இஞ்சால எடுத்துத் தாங்கோ," என்றாள் கடைக்காரப் பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

அக்கா எழும்பினா.